தெர்மாகோல் மிதந்தால் கீழே ஆள் இருக்கும்

கத்தாரில் 6 வருடம் வாட்டர் ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் இடத்தில் வேலை பார்த்தேன். நம்மை விட்டால் ஆளில்லை என்கிற திமிரோடுதான் ஊர் திரும்பினேன். அங்கே நாங்கள் ஓட்டிய கடலில் ஆரஞ்சு மிதவைகளைக் கயிற்றில் கோத்து எல்லை கட்டியிருப்பார்கள். அதற்குள் எங்கள் வண்டிகள் மட்டும்தான். நீச்சல் அடிப்பவருக்கு வேறு இடம், மீன்பிடிப் படகுக்கு வேறு பாதை. ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப் பழகியவன் திடீரென்று ராமநாதபுரத்தில் நெரிசலான பாரதி நகர் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றால் எப்படியிருக்கும்? நம்மூர்க் கடலில் என் கதை அப்படித்தான் ஆனது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கு வடக்கே. கரையில் நின்றால் எதிரே வடகடல், அதாவது பாக் விரிகுடா. மாமா மகன் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து மூன்று பேர் உட்காரும் பழைய வண்டி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தான். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவது திட்டம். ஆட்கள் வருவதற்கு முன்னால் காலை ஏழு மணிக்கு வண்டியை இறக்கி ஓட்டிப் பார்த்தேன். அலையே இல்லை, கடல் குளம் மாதிரி கிடந்தது. முன்னால் தூரத்தில் வெள்ளையாக ஒரு தெர்மாகோல் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. குப்பை என்றுதான் நினைத்தேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதன் பக்கமாகப் போகும்போது, தெர்மாகோலுக்கு ஐந்தாறு பாகம் (முப்பது அடி போல) தள்ளி, நேராக என் மூக்குக்கு முன்னால் ஒரு தலை எழும்பியது. முகத்தில் கண்ணாடி. தலையில் இறுக்கிக் கட்டிய துணி.

பயத்தில் கை தானாக ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டது. கைப்பிடியை முழுக்கத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை, விட்ட அம்பு மாதிரி நேராகப் போனது. அந்த அம்மா மறுபடி முங்கியதால் பிழைத்தார். நான் எதுவும் செய்ததால் இல்லை.

கொஞ்ச தூரம் தள்ளிப் போய்த்தான் வண்டி நின்றது. அவர் எழுந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. விரல் ஒவ்வொன்றிலும் பாறை கிழிக்காமலிருக்கத் துணி சுற்றியிருந்தார். இடுப்பில் கட்டிய வலைப் பையில் பாதிக்குக் கஞ்சிப்பாசி என்கிற கடற்பாசி.

"யாரு மகன்டா நீ?"

சொன்னேன்.

"தெர்மாகோலு கெடந்தா கீழ ஆளு கெடக்கும்னு ஒங்க அப்பன் சொல்லித் தரலையா?"

அப்பா எனக்குச் சொல்லித் தரவில்லை. அவர் சவுதியில் இருந்தார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எத்தனையோ பேருக்கு நான் வாயால் பாடம் எடுத்த ஒரு விஷயத்தில் என் கையே என்னை ஏமாற்றிவிட்டது. இந்த வண்டிக்குச் சுக்கான் கிடையாது. அடியில் உள்ள சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுற்றும் இம்பெல்லர் அதைப் பின்பக்கக் குழாய் வழியாக வேகமாகத் தள்ளுகிறது. அந்தக் குழாயின் வாய் இடமும் வலமும் ஆடுவதால்தான் வண்டி திரும்புகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் தண்ணீர் பீறிடாது. தண்ணீர் பீறிடாவிட்டால் கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் வெறும் அலங்காரம்தான். பைக் ஓட்டும் நமக்கெல்லாம் ஆபத்து என்றால் முதலில் ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிரேக்கைத் தேடத்தான் தோன்றும். இங்கே அது தலைகீழ். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் பிடித்தபடியே திருப்ப வேண்டும். புது மாடல்கள் சிலவற்றில் பிரேக் மாதிரி ஓர் அமைப்பு வந்துவிட்டது. எங்களுடையதில் இல்லை. இங்கே ஓடும் பழைய வண்டிகளில் அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

இதைத் தெரிந்து வைத்துப் பயனில்லை, கைக்குப் பழக வேண்டும். ஐந்து லிட்டர் கேனைக் காலியாக மூடி, ஒரு கல்லைக் கட்டி நடுத்தண்ணீரில் போட்டுவிட்டு, அதை நோக்கி ஓட்டி ஒவ்வொரு தடவையும் பிடி விடாமல் விலகப் பழகினேன். முதல் நாள் பத்துக்கு நான்கு தடவை கேனில் மோதினேன், 6 வருட அனுபவசாலி! இப்போது யாராவது வண்டியைக் கேட்டால் முதலில் இந்தக் கேன் பயிற்சிதான். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். நாம் பார்த்து, புரிந்து, கையை அசைப்பதற்குள் ஒரு வல்லத்தின் (நாட்டுப்படகின்) நீளத்துக்கு மேல் போயிருப்போம்.

அப்புறம் கடலைப் படிக்கக் கற்றுக்கொள்ளப் போனேன். பக்கத்து வீட்டு அண்ணன் நண்டு வலைக்குப் போகிறவர். ஒரு வாரம் அவர் வல்லத்தில் ஏறினேன். அவர் கையைக் காட்டிச் சொல்லச் சொல்ல, நான் வெறும் தண்ணீர் என்று நினைத்த இடமெல்லாம் ஆளும் பொருளுமாக நிறைந்துவிட்டது. ஒரு குச்சியில் கறுப்புத் துணி பறந்தால் வலையின் ஒரு தலை அங்கே என்று அர்த்தம். இன்னொரு கறுப்புத் துணி எங்கே என்று தேடு. இரண்டுக்கும் நடுவே வலை கிடக்கிறது. வரிசையாகத் தண்ணீர் பாட்டில் மிதந்தால் அது குப்பையில்லை, நண்டு வலை. ஒற்றை பாட்டில் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் கீழே மீன் பிடிக்கும் கூடு கிடக்கலாம், கயிறு நெட்டுக்குத்தாக இறங்கும். குப்பை நீவாட்டோடு, அதாவது நீரோட்டத்தோடு, போய்க்கொண்டே இருக்கும். கட்டிப் போட்டது நின்ற இடத்திலேயே ஆடும். இதைக் கண்டுபிடிக்கப் பத்து நொடி நின்று பார்த்தால் போதும். அந்தப் பத்து நொடியைத்தான் நான் அன்று கொடுக்கவில்லை.

நங்கூரம் போட்ட வல்லத்தில் ஆளே இல்லையென்றால் ஆள் தண்ணீருக்குள் இருக்கிறார். ஒருவர் மட்டும் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாலும் அதே கதைதான், இன்னொருவர் கீழே. சங்கு எடுக்கிறவர்கள், பாசி எடுக்கிறவர்கள், கூட்டைப் பார்க்க இறங்குகிறவர்கள் என்று எத்தனையோ பேர். இறங்கிய இடத்திலேயே எழும்ப மாட்டார்கள். மூச்சு முடிகிற இடத்தில் எழும்புவார்கள்.

கரைவலை இன்னொரு வகை. தனுஷ்கோடிப் பக்கம் நிறைய பார்க்கலாம். கரையில் ஒரு கூட்டம் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கயிறு கடலுக்குள் பல நூறு மீட்டர் போய் வளைந்து, வேறு இடத்தில் கரைக்குத் திரும்பும். கரையில் இரண்டு கூட்டம் இழுக்கக் கண்டால், அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே உள்ள கடல் மொத்தமும் அவர்களுடையது. வெளியே சுற்றிக்கொண்டு போங்கள்.

இவ்வளவு படித்தும் ஒரு வலையை அறுத்தேன். மாலை வெயில் எதிரே அடித்தது, தண்ணீர் முழுக்கத் தகரம் மாதிரி மின்னியது, கறுப்புத் துணி கண்ணில் படவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. அடியில் கையை விட்டால் நரம்பு வலை இம்பெல்லரில் கயிறு திரித்த மாதிரிச் சுற்றியிருந்தது. (கையை விடும் முன் என்ஜினை நிறுத்தி, மணிக்கட்டில் மாட்டும் சிவப்புக் கயிற்றைப் பிடுங்கிவிட வேண்டும். ஸ்டார்ட் பொத்தான் தவறி அமுங்கினால் விரல் போய்விடும்.) அந்த நேரத்தில் ஓடிப்போயிருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் வலை யாருடையது என்று மிதவையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், வண்டி யாருடையது என்று சொல்வதற்குச் சத்தமே போதும்.

அறுந்த துண்டோடு வலைக்காரர் வீட்டுக்குப் போய் நின்றேன். பெரியவர் வலையை மடியில் போட்டுக் கண்ணி கண்ணியாக எண்ணினார். "காசு எவ்வளவு, மாமா?" என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "ரெண்டு நாளு தொழிலு போச்சு. அதுக்கு என்ன குடுப்ப?" என்றார். வலைக்கு உண்டான பணத்தோடு இரண்டு நாள் பாட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்தக் கணக்கு நியாயமானது. வலை அறுந்தால் நூல் விலையைக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படகுக்கு எதிரே படகு வந்தால் என்ன செய்வது என்பதில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ரோட்டில் நாம் இடதுபக்கம் ஒதுங்கிப் பழகியவர்கள். கடலில் உலகம் முழுக்க வலதுபக்கம்தான் ஒதுங்க வேண்டும். 1972 சர்வதேச விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. சனிக்கிழமை வாடகைக்கு எடுக்கும் இளவட்டங்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் இடது, ஒருவர் வலது என்று ஒரே பக்கம் திருப்பி நேராக முட்டப் பார்ப்பார்கள். குறுக்கே வரும் படகு நமக்கு வலப்புறம் இருந்தால் நாம்தான் வழிவிட வேண்டும். முந்துகிறவர் விலகிப் போக வேண்டும். பாய் விரித்த படகுக்கும் வலை இழுக்கும் படகுக்கும் என்றைக்கும் நாமே ஒதுங்க வேண்டும். வலையோடு இருக்கும் விசைப்படகால் நினைத்த நேரத்தில் திரும்ப முடியாது, நம்மால் முடியும். யாருக்கு உரிமை என்று யோசிக்கவே வேண்டாம், ஓடும் வண்டிகளில் லேசானது நம்முடையது. இன்னொன்று, திரும்பப்போகிறேன் என்பதை முன்கூட்டியே பெரிதாகத் திரும்பிக் காட்டுங்கள். கடைசி நிமிடத்தில் ஸ்டைலாக ஒடித்தால் எதிரே சுக்கானைப் பிடித்திருப்பவருக்கு நெஞ்சு நின்றுவிடும்.

தடைக்காலத்தைப் பற்றி ஒரு தப்பு எண்ணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். கடல் காலி, இஷ்டத்துக்கு ஓட்டலாம் என்று வருகிறார்கள். நிஜத்தில் அந்த நாட்களில்தான் நாட்டுப்படகும் வத்தை என்கிற சிறு படகும் கரைக்குப் பக்கத்திலேயே கூடுதலாகச் சுற்றும். பெரிய படகைப் பார்த்துப் பயப்படாத நாம் சின்ன வத்தையைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். கடலோடு கடலாகக் கிடக்கும், கண்ணில் படாது.

அலை விஷயம். பாசி வளர்ப்புத் தெப்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. மூங்கிலில் 12 அடிக்கு 12 அடி கட்டி, கயிற்றில் விதைப்பாசியைக் கோத்து மிதக்க விடுவார்கள். 45 நாளில் அறுவடை. பன்னாட்டுக் கம்பெனி ஒன்று கொண்டுவந்து பழக்கியதால் ஊரில் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயர். நம் வண்டி கிளப்பும் அலையில் மூங்கிலை மூங்கில் இடித்தால் முடிச்சு தளரும், கொத்து உடைந்து நீவாட்டில் போகும். போனால் தெப்பம் வைத்திருக்கும் அக்காவின் ஒன்றரை மாத உழைப்பும் போச்சு. வேகத்தைப் பாதி குறைத்தால் மரியாதை செய்துவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி வேகத்தில் வண்டி மூக்கைத் தூக்கி வாலை அமுக்கி ஓடும். அப்போதுதான் பெரிய அலை கிளம்பும். அதனால் தெப்பத்துக்குப் பக்கத்தில் போயே ஆக வேண்டுமென்றால் நடக்கும் வேகத்துக்கு இறக்குங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு நூறு மீட்டர்: தெப்பம், நங்கூரம் போட்ட வல்லம், குளிப்பவர்கள், கரை, எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. கரைக்கு வருவதும் போவதும் ஒரே நேர்கோட்டில், நடையாக. இடுப்பளவு தண்ணீர் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வேன். மணலையும் கடற்புல்லையும் உறிஞ்சினால் பம்ப் தேய்ந்துவிடும்.

தை அமாவாசை, ஆடி அமாவாசை அன்று வண்டியை இறக்குவதே இல்லை. தேவிபட்டினம், சேதுக்கரை, அக்னி தீர்த்தம் எல்லா இடத்திலும் கரை முழுக்க ஆள். பிண்டம் கரைத்துவிட்டுத் தண்ணீரில் கண்மூடி நிற்கிறவர் பக்கத்தில் சர்ரென்று போனால் அடிதான் விழும், விழவும் வேண்டும்.

ஏற்றிச் செல்லும் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம். துப்பட்டா, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் எல்லாவற்றையும் லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகச் சொல்லுங்கள். பின்னால் விழுந்தவர் ஏறும்போது அடிச் சல்லடை அதையெல்லாம் உறிஞ்சும். ஜாக்கெட்டின் தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காது வரை ஏறினால் அது அவருக்குப் பெரிது. குழந்தையை ஓட்டுகிறவருக்கு முன்னால் உட்கார வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பின்னால் உட்கார்ந்தவர் மல்லாக்க விழுந்தால் பீறிடும் தண்ணீர் உடம்புக்குள் புகுந்து மோசமான உள்காயம் ஆகும். குட்டைப் பாவாடையும் மெல்லிய நீச்சலுடையும் அதைத் தடுக்காது, தடித்த ரப்பர் டவுசர் தடுக்கும். நான் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று முக்கால்வாசிப் பேர் போடுவதில்லை. போடாவிட்டால் வேகமாகப் போக மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். சிவப்புக் கயிறு ஓட்டுகிறவர் மணிக்கட்டில் இல்லாமல் ஒரு அடிகூட நகர்வதில்லை. விழுந்தால் அதுதான் என்ஜினை நிறுத்தும். வண்டி கவிழ்ந்தால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் படத்தில் அம்பு காட்டும் திசையில்தான் புரட்ட வேண்டும். மாற்றிப் புரட்டினால் என்ஜினுக்குள் தண்ணீர் போகும்.

காற்றைச் சொல்லாமல் முடியாது. ஐப்பசியில் வாடை கிளம்பினால் வடகடல் கொதிக்கும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏமாற்றுவது கச்சான்தான். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும். எங்கள் கரை வடக்கே பார்த்தது, அதனால் காற்று முதுகுப்பக்கமிருந்து கடலை நோக்கிப் போகும். கரையோரம் எண்ணெய் ஊற்றிய மாதிரி இருக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் அன்றைக்கு ஆளுயர அலை. எங்களைப் பார்க்க வருகிறவர்கள் "கடல் சூப்பரா இருக்கே!" என்பார்கள். இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் நிலைமை வேறு. அங்கே என்ஜின் நின்றால் காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது, கடலுக்குள் தள்ளும். இந்தப் பக்கத்தில் இலங்கைக் கடல் எல்லைக்கோடு ஒன்றும் தொலைவில் இல்லை.

எனக்கு நின்றது. தாழை, அதாவது கடற்புல், அடிச் சல்லடையை அடைத்து, குளிர்ச்சிக்குத் தண்ணீர் வராமல் சூடாகி அணைந்துவிட்டது. நீரில் இறங்கிப் பிடுங்கிப் பார்த்தேன், முடியவில்லை. விசில் ஊதினேன், காற்றுக்கு எதிரே யாருக்குக் கேட்கும்? ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு வல்லம் வந்தது. கயிறு வீசி இழுத்தார்கள். நான் கத்திக் கத்திச் சொன்னேன்: "மெதுவா போங்கண்ணே, மெதுவா!" வேகமாக இழுத்தால் தண்ணீர் தானாக ஏறி என்ஜினை நிறைத்துவிடும். எங்கள் வண்டியின் கையேட்டில் 8 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. அவர்கள் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். கரை வந்ததும் டீசல் காசு கொடுக்கப் போனேன். "வச்சுக்கப்பு. எங்க பயலுக எவனாவது கெடந்தா நீயும் இழுத்துட்டு வா" என்றார் வயதில் மூத்தவர். அன்று முதல் தார்ப்பாயில் சுற்றிய போன், அதில் 1093, 1554 இரண்டு எண்களும். முதலாவது கடலோரப் பாதுகாப்புப் போலீஸ், இரண்டாவது கடலோரக் காவல்படை. பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல். கச்சான் நாளில் திரும்பி வருவது காற்றுக்கு எதிரே என்பதால் வருகைக்கு இன்னும் கூடுதல் பிடிக்கும்.

தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், உள்ள தீவுகளுக்கு ஓட்டிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூடாது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. வடகடலிலும் தாழைப் படுகைகளில் ஆவுளியா (கடற்பசு) மேயும், ஆமை மேயும். மூச்சு வாங்க மேலே வந்துதான் ஆக வேண்டும். தெளிந்த தண்ணீரில் கீழே கரும்பச்சையாகப் படுகை தெரிந்தால் நான் வேகத்தை இறக்கிவிடுவேன். ஒரே ஒரு தடவை ஆவுளியாவின் முதுகைப் பார்த்திருக்கிறேன். ஈரமான சாம்பல் பாறை ஒன்று மூச்சு விட்டுவிட்டுப் போன மாதிரி.

போன வருடம் ஆன்லைனில் பளிச்சென்ற ஆரஞ்சு மிதவைகள் ஆறு வாங்கினேன். ஒன்றைக் கொண்டுபோய் அந்தப் பாசி எடுக்கும் ஆத்தாவிடம் கொடுத்தேன். அவரும் இப்போது என்னை அடையாளம் வைத்திருக்கிறார், வண்டிச் சத்தம் கேட்டால் எழும்பி ஒரு கையை உயர்த்துவார். மிதவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்குப்பா" என்றார். மறுநாள் பார்த்தால் அவர் பேரன் அதை வைத்துக் கரையில் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறான். ஆத்தா கடலுக்குள். மேலே அதே பழைய தெர்மாகோல், ஒரு மூலை உடைந்தது.